அம்மா பக்கத்தில் இருந்தும் தீபாவளி வரவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். ‘வெளிநாட்டுத் தமிழர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் ஏங்குவது உறவுக்கா, ஊருக்கா’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ‘உறவுக்கே’ என்று சொல்லி, அம்மா கையால் தலையில் எண்ணெய் வைக்கிற காட்சியை வர்ணித்து, முன்வரிசையில் இரண்டு பேரை அழவும் வைத்துவிட்டார். நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். ஆனால் அவர் சொன்ன அந்த அம்மாவை விமானத்தில் ஏற்றிக் கூட்டி வந்தே பார்த்துவிட்டவன் நான், அதைச் சொல்ல வேண்டாமா?

2024 செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் நியூஜெர்சிக்கு வந்தார்கள். எட்டு வருஷத்தில் முதல்முறையாகத் தீபாவளிக்கு அம்மா கூட இருக்கிறாள். எதிரணிக் கணக்குப்படி அந்த வருஷம் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்கக் கூடாது. அக்டோபர் 31, விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி, எங்கள் எல்லார் தலையிலும் வைத்து, சீயக்காய் தேய்த்துவிட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. குளித்துவிட்டு வந்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தோம். தெரு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெடிச் சத்தம் இல்லை, மருந்து வாசனை இல்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “என்னடா, தீபாவளி மாதிரியே இல்லையே” என்றாள். பிள்ளை பக்கத்தில், பேத்தி மடியில், வீட்டுக்காரர் சோபாவில். எந்த உறவு குறைந்துபோயிற்று அவளுக்கு?

அன்றைக்கு ஹாலோவீன் வேறு, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வருகிற நாள். சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு எலும்புக்கூடு. நல்ல நாளும் அதுவுமாக இது வீடு தேடி வருகிறதே என்று அம்மா பதறி, அப்புறம் உள்ளே இருப்பது ஆறு வயதுப் பையன் என்று தெரிந்ததும், ஒரு கை முறுக்கை அள்ளி அவன் வாளியில் போடப் போனாள். பாக்கெட் பிரிக்காத மிட்டாயைத் தவிர வேறு எதையும் அவர்கள் வீட்டில் தின்ன விட மாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் எவர்சில்வர் தட்டில் பலகாரம் அடுக்கி, மேலே துணி போட்டு மூடிப் பத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறவள். அந்தப் பத்து வீட்டில் ஒருத்தரும் எங்களுக்குச் சொந்தமில்லை, நடுவர் அவர்களே. இரண்டு வீட்டோடு குழாயடிச் சண்டைகூட உண்டு. ஆனால் தட்டு போகும், திரும்பி வரும்போது அவர்கள் வீட்டு அதிரசத்தோடு வரும். அவர்களும் உறவுதானே என்று எதிரணி சொல்லுமானால், அப்புறம் ஊர் என்று எதைத்தான் சொல்வது, பஸ் ஸ்டாண்டையா?

நியூயார்க் நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கே தீபாவளி விடுமுறை விட்டாயிற்று, இனி என்ன ஏக்கம் என்று எதிரணித் தங்கை கேட்டார். உண்மைதான், 2023இல் சட்டம் போட்டு, 2024இல் முதல்முறையாக விடுமுறை விட்டார்கள். எந்தத் தேதியில் தெரியுமா? நவம்பர் 1. தமிழ்நாட்டில் தீபாவளி முந்தின நாளே முடிந்து, பலகாரம் பாதி காலி. நான் இருப்பது பக்கத்து மாநிலம், எனக்கு அதுவும் கிடையாது. இங்கே நம் ஆட்கள் கூடிக் கொண்டாடியது அடுத்து வந்த சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த ஒரு அரங்கில், மாலை ஆறு முதல் ஒன்பது வரை. குறை சொல்லவில்லை, அதையும் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும். ஆனாலும் ஒன்பது மணிக்கு நாற்காலியை மடித்து அடுக்கிவிட்டுப் போக வேண்டிய தீபாவளி அது.

இன்னொன்று. இதை இலையுதிர்காலம் என்கிறோம். நம் பழைய ஆறு பருவத்தில் அப்படி ஒன்று உண்டா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், குளிரும் வாடையுமான காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. இங்கே மேப்பிள் மரமெல்லாம் சிவந்து நிற்கிறது, அழகுதான், நானும் படம் எடுத்துப் போட்டேன். ஆனால் நனைந்துபோன வெடியை அடுப்பு மேட்டில் காய வைத்து அடி வாங்குகிற பருவம் இது இல்லையே!

கார்த்திகைக்கு வருகிறேன். திருவண்ணாமலையில் 2668 அடி மலை உச்சியில் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றியது தெரிந்த பிறகுதான் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். இங்கே அப்போது காலை ஏழரை, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். அகல் விளக்கைக்கூட வாங்கிவிடலாம். கார்த்திகைக்குப் பொறி பறக்கச் சுற்றுகிற மாவளிக்கு எங்கே போவேன்? ஆண் பனையின் பூவை வெட்டிக் காய வைத்து, குழியில் போட்டுக் கருக்கி, மண்ணைத் தள்ளி மூடி, மறுநாள் அந்தக் கரியை எடுத்து நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைத் துண்டு மூன்றுக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு பூட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். சட்டையில் ஓட்டை விழும், அதற்கு வேறு தனியாக அடி. அதற்குப் பனை வேண்டும், கரி சுடத் தெரிந்த கை வேண்டும், சுற்ற ஈரமான வெற்றுக் களம் வேண்டும். பாசம் எவ்வளவு இருந்தாலும் இதைப் பார்சலில் அனுப்ப முடியாது. இங்கே சாம்பிராணி போட்டாலே புகை அலாரம் கத்துகிறது.

அம்மா பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. அங்கே விடியற்காலை நாலு மணி என்றால் இங்கே ஞாயிறு மாலை ஆறரை. போன் வந்தது. “கங்கா ஸ்நானம் ஆச்சா” என்று நான் கேட்கும்போதே, “இரு, அடுப்பில் எண்ணெய் இருக்கு” என்றவள், போனை வைக்காமல் திண்ணையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தூரத்தில் ஒரு சரம் வெடித்து, பாதியில் நின்று, மறுபடி வெடிக்கிறது. எவனோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிறான். யாரோ ஒரு அம்மா ஒரு பையனைத் திட்டுகிறார், குரல் யாருடையது என்றுகூடத் தெரியவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும், நடுவர் அவர்களே. அவ்வளவு நேரமும் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனை வைக்கவும் இல்லை.