வீட்டுக்காரர்தான் தலைவர் வேலை பார்க்கிறார் என்றால் பெண்களுக்கு ஒதுக்கீடு எதற்கு?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊராட்சியில் தலைவர் பெண். ஆனால் எல்லாவற்றையும் அவருடைய வீட்டுக்காரர்தான் கவனிக்கிறார். 50 சதவீத ஒதுக்கீட்டால் என்ன மாறியது?"

நியாயமான கேள்வி. பல ஊர்களில் இதுதான் நிலைமை. ஆனாலும் ஒதுக்கீடு தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

1957ல் மத்திய அரசு அமைத்த பல்வந்த்ராய் மேத்தா குழு, பஞ்சாயத்தில் இரண்டு பெண்களை நியமனமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அவ்வளவுதான். 1993ல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மூன்றில் ஒரு பங்கு கட்டாயமானது, தலைவர் பதவிகள் உட்பட. தமிழ்நாட்டில் அதன்பின் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996ல் நடந்தது. 2016ல் அது பாதி இடம் என்று உயர்ந்தது.

அந்த 1996 தேர்தலில் மதுரை மாநகராட்சிக்கு உறுப்பினராக ஜெயித்தவர் லீலாவதி. அங்குள்ள வில்லாபுரம் மக்களுக்குக் குடிநீர் கிடைக்கப் போராடினார். 1997 ஏப்ரலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பேருக்குப் பதவியில் இருப்பவரைக் கண்டு யார் இப்படி மிரளப்போகிறார்கள்? அவரை நினைக்காமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ஊராட்சிப் பணத்தை எடுக்க தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத்தலைவர் ஒத்துழைக்காவிட்டால் தெருவிளக்குக்குக்கூட பணம் எடுக்க முடியாது. பட்டியல் சாதிப் பெண் தலைவரானால் இந்த முட்டுக்கட்டை இன்னும் கடுமையாக வரும். அப்படியிருக்க, எல்லாப் பழியையும் அந்தப் பெண் மேல் மட்டும் போடலாமா?

அப்புறம், பழகுவதற்குக் காலம் வேண்டும். மேற்கு வங்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், தலைவர் பதவியை இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், கூடுதலாக ஜெயித்தார்கள். இங்கேயோ 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். வேலை பிடிபட்ட நேரத்தில் வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! என்னைக் கேட்டால், வீட்டுக்காரர் தலையீட்டைவிடப் பெரிய நஷ்டம் இதுதான்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. கிராம சபையில் கேள்வியை அந்த அம்மாவிடமே கேளுங்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தால், "தலைவர் சொல்லட்டும்" என்று சொல்லுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.