பாட்டி குச்சியால் கிளறிய எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம். எரிவாயுக் கிணறுகளைச் சுற்றியுள்ள ஊர்களில் குடிதண்ணீரை எப்படிக் கண்காணிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் நான் அசடு வழிந்த கதை ஒன்று.

சில வருடங்களுக்கு முன், குத்தாலம் பக்கம் ஒரு தெருவில் அடிபம்பு. அதன் கழிவுநீர் தேங்கும் பள்ளத்தில் வானவில் மாதிரி ஒரு படலம் மின்னியது. எண்ணெய்க் கசிவு என்று முடிவுகட்டி நோட்டில் எழுதியும் விட்டேன். தண்ணீர் பிடிக்க வந்த பாட்டி ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், ஒரு வேப்பங்குச்சியை எடுத்துப் படலத்தைக் கிளறினார். அது சில்லுசில்லாக உடைந்தது. "எண்ணெயா இருந்தா இப்படி உடையுமா சார்? அப்பளம் மாதிரியில்ல நொறுங்குது" என்றார். அவர் சொன்னது சரி. அது இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியாவின் வேலை. எண்ணெய்ப் படலமென்றால் கிளறியதும் விலகி, மறுபடி கூடிக்கொள்ளும்.

அதோடு விடவில்லை. நான் பாட்டிலை நீட்டியதும், "அது ராத்திரியெல்லாம் குழாயில கிடந்த தண்ணி. நாலு குடம் போகட்டும், அப்புறம் புடிங்க" என்றார். ஆய்வுக்கூடத்துக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பத்து நிமிடம் அடித்துவிட்டுப் பிடியுங்கள்.

சரி, பிடித்த தண்ணீரில் எதைப் பார்ப்பது? வாயுவோடு ஆழத்திலிருந்து மேலே வரும் தண்ணீர் பெரும்பாலும் கடும் உப்பு. உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் கூடுதலாகப் பாயும். அதனால் மின்கடத்துதிறன் காட்டும் சின்னக் கருவி ஒன்றே பாதி வேலையைச் செய்யும். ஆனால் நம் டெல்டாவில் ஒரு வம்பு இருக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பு. மேட்டூர் திறந்து ஆறு வந்தால் குறையும், ஐப்பசி மழையில் இன்னும் குறையும், சித்திரையில் ஏறும். கருவி உப்பு எவ்வளவு என்று சொல்லும். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதனால் சித்திரையில் மட்டும் அளந்துவிட்டு "கெட்டுப்போச்சு" என்றாலும் தப்பு, கார்த்திகையில் அளந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாலும் தப்பு. மாதம் ஒருமுறை, அதே பம்பு, அதே நேரம். வாயுக் கிணற்றுக்குத் துளை போடுவதற்கு முந்தின வருடக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். திரும்பச் சொல்கிறேன், முந்தின வருடக் கணக்கு.

2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்த செய்தி வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்த ஊர்த் தண்ணீரின் பழைய கணக்கு யாரிடமாவது இருக்குமா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்று ஓர் ஊர். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டுக் கிணற்றில் மீத்தேன் சேர்ந்து வெடித்து, மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை பெயர்ந்தது. உடனே சண்டை: இந்த வாயு துளை போட்டதால் வந்ததா, முன்பே இருந்ததா? அந்த மாநிலம் 2012-இல் போட்ட சட்டத்தின்படி, வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிதண்ணீர் கெட்டால், நிறுவனம்தான் காரணம் என்று கொள்ளப்படும். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். துளை போடுவதற்கு முன் பிடித்த தண்ணீரின் சோதனை முடிவு அதற்கு ஒரு வழி. அதனால் அங்கே நிறுவனங்களே பாட்டிலோடு வீட்டுக் கதவைத் தட்டுகின்றன. இங்கே நான் பாட்டிலோடு போனால், "எந்தக் கட்சி?" என்று கேட்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தான். உப்பு திடீரென்று ஏறினால், ஆழத்துத் தண்ணீரோடு வரக்கூடிய பேரியம், புரோமைடு இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரக்கட்டுப்பாட்டில் பேரியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். மீத்தேன் சோதனைக்குத் தண்ணீர் பிடித்தால் பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். வாயு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவும் ஐசோடோப்பு சோதனையைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. பாட்டிலில் தேதியோடு போர்வெல்லின் ஆழத்தையும் எழுதுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வணக்கம்.