குப்பைக்கூடையில் கிடைத்த இயற்பியல்
(அறிவியல் மன்ற ஆண்டு விழாச் சொற்பொழிவு)

அவைத் தலைவர் அவர்களே, என்னைப் பற்றி இல்லாததையெல்லாம் சொல்லி வரவேற்ற செயலாளர் தம்பி அவர்களே, நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலைநாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்க நண்பர்களே, உட்கார இடமில்லாமல் நிற்கிற மாணவச் செல்வங்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மூன்று விஷயம் பேச வந்தேன். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்றால் என்ன, ஒருசில அணு கனமே உள்ள தகட்டில் அது எப்படி வந்தது, அதனால் என்ன பயன்.

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் தகட்டில் உள்ளே மின்சாரம் ஓடாது, ஓரத்தில் மட்டும் ஓடும். அதுதான் சங்கதி. ஓரத்திலும் ஒரு சுழற்சி கொண்ட எலக்ட்ரான் இந்தப் பக்கம் போகும், எதிர்ச்சுழற்சி கொண்டது அந்தப் பக்கம் போகும். நடுவே தடுப்புச்சுவர் கட்டிய சாலை மாதிரி, பள்ளம் மேடு வந்தாலும் திரும்ப வழியில்லை. காந்த அழுக்கு, அதாவது காந்தத்தன்மையுள்ள வேற்று அணு, சேர்ந்தால்தான் வம்பு. 2005இல் கேன், மெலே என்ற இயற்பியலாளர்கள் இருவரும் கிராஃபீனில், அதாவது ஒரே அணு கனமுள்ள கார்பன் தகட்டில், இது நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

கிராஃபீன் என்றதும் ஒரு கதை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம் என்ற இயற்பியலாளர் ஒரு ஆராய்ச்சி மாணவரிடம் கிராஃபைட், அதாவது பென்சில் கரி, வில்லையைக் கொடுத்து, முடிந்தவரை மெல்லிசாகத் தேய்க்கச் சொன்னார். பையன் தேய்த்தான், தேய்த்தான், வில்லையே தீர்ந்துபோனது. கடைசியில் மிஞ்சிய துணுக்கோ பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இன்னும் தடிமன்தான்! பக்கத்தில் ஷ்க்லியரெவ்ஸ்கி என்றொரு சகா. நுண்ணோக்கியில் வைக்குமுன் கிராஃபைட்டின் மேல்தோலை செலோடேப் ஒட்டி உரிப்பது அவர்கள் வழக்கம். உரித்த டேப் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அவர் அந்தக் கூடையில் கையை விட்டு ஒரு டேப்பை எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒட்டியிருந்த செதில்கள் தேய்த்ததைவிடப் பலமடங்கு மெல்லிசு. அப்படி உரித்துத்தான் கிராஃபீன் கிடைத்தது. 2004இல் கட்டுரை, 2010இல் கைமுக்கும் அவரோடு வேலை பார்த்த நோவோசெலோவுக்கும் நோபல். நான் எந்த மேடையிலும் சொல்வதுதான்: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் லேசான அணு. சுழற்சியை ஓட்டத்தோடு கட்டிப்போடும் வலு அதற்குப் போதாது. கனமான அணு வேண்டும். டங்ஸ்டன் டைடெல்லுரைடு அப்படி வந்தது: நடுவில் டங்ஸ்டன், மேலும் கீழும் டெல்லூரியம், மூன்றே அணு கனம். அதில் ஓர மின்னோட்டம் வரும் என்று 2014இல் கணித்தார்கள். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 100 கெல்வின் வரை, அதாவது சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ் வரை, அதை அளந்தார்கள். ஆனாலும் 100 நானோமீட்டர் அளவுக்குத் தடம் குட்டையாக இருந்தால்தான் அளந்தது கணிப்போடு ஒத்துவந்தது, நீண்டால் சொதப்பல். காற்றுப் பட்டால் தகடே கெட்டுவிடும். அதனால் மின்சாரம் கடத்தாத இரண்டு போரான் நைட்ரைடு தகடுகளுக்கு நடுவே பொதிந்துவைக்கிறார்கள். இந்தத் துறைக்கு வேண்டிய நல்ல போரான் நைட்ரைடு படிகங்களில் பெரும்பகுதி ஜப்பானின் ட்சுகுபாவில் தனிகுச்சி, வதனபே இருவர் வளர்த்துக் கொடுப்பவை. சிறு துரும்புதான், பாருங்கள்.

மூன்றாவது, பயன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. நம் பள்ளி ஆய்வகங்களில் நுண்ணோக்கி இருக்கிறது, பீரோவுக்குள். பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. பென்சில் கரியும் செலோடேப்பும் பிள்ளைகளே கொண்டுவருவார்கள், காசு கேட்கவில்லை. கல்வி அலுவலர் ஐயா, சனிக்கிழமை அரைநாள் ஆய்வகத்தைத் திறந்துவிட ஓர் உத்தரவு போடுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் டீ சாப்பிடப் போங்கள்.