உங்க தெரு கிளினிக்குக்கு எத்தனை மார்க்?

[காட்சி: சேலம் அம்மாபேட்டை. சாயங்காலம் ஏழு மணி. ஒரு கிளினிக் வாசல்ல செருப்புக் குவியல்.]

வணக்கங்க. இந்தச் செருப்புக் குவியலைப் பாத்தே நம்ம ஊர்ல டாக்டருக்கு மார்க் போட்டுடுவோம். "கூட்டம் அள்ளுது, கைராசிக்காரரு." விசாரணை அதோட முடிஞ்சுது. நானும் எங்கப்பாவைப் பத்து வருஷம் அப்படி ஒரு கிளினிக்குக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்.

அப்பா கொண்டலாம்பட்டில குழித்தறில பட்டு நெய்யறவரு. சுகர் இருக்கு. மாசத்துக்கு ஒருதடவை டோக்கன் போடுவோம், விரல்ல குத்தி சுகர் பாப்பாங்க, "வாயைக் கட்டுங்க"ன்னு சொல்லி அதே மாத்திரையை எழுதுவாங்க. ஒருநாள் தறியை விட்டு எழுந்தவரு நடந்த இடமெல்லாம் ரத்தத் துளி. தறில காலால அழுத்தற மிதிக்கட்டைல ஒரு ஆணி தலைநீட்டிட்டு இருந்திருக்கு. எத்தனை நேரம் அதை மிதிச்சாருன்னு அவருக்கே தெரியல. சுகரால பாதம் மரத்துப் போயிருக்கு, வலிச்சாத்தானே தெரியும்! பத்து வருஷத்துல ஒருத்தர்கூட அவரு பாதத்தைத் தொட்டுப் பாத்ததில்லைன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

[காட்சி: பாதத்தின் அடியில் ஒரு நைலான் இழை வைத்து அழுத்தப்படுகிறது. இழை வளைகிறது.]

பாதம் பாக்கறதுக்குப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தம் பட்டா வளையற மாதிரி செஞ்சிருப்பாங்க. கண்ணை மூடச் சொல்லி, பாதத்துல அங்கங்க வெச்சு, "தெரியுதா?"ன்னு கேக்கறதுதான் டெஸ்ட். ஆகற நேரம் ரெண்டு மூணு நிமிஷம். சுகர் இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒருதடவையாவது பாதம், கண்ணுல விழித்திரை, சிறுநீர்ல புரதம் மூணையும் பாக்கணும். ரெண்டு மூணு மாசச் சுகர் சராசரியைச் சொல்ற ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை தனி. நூலோடவே பொழைக்கற மனுஷனுக்கு ஒரு இழை டெஸ்ட் நடக்கல பாருங்க.

அப்ப, ஒரு கிளினிக் நல்லதான்னு எதை வெச்சு சொல்றது? அவெடிஸ் டொனபீடியன்னு ஒரு மருத்துவர் 1966-ல இதுக்கு ஒரு வழி சொன்னாரு. மூணு இடத்துல பாக்கச் சொன்னாரு. எங்க தெரு பாஷைல சொல்றேன்: தறி எப்படி இருக்கு, நெய்யறது எப்படி நடக்குது, சேலை எப்படி வந்துச்சு. நாம பாக்கறது முதலும் கடைசியும்தான். ஏசி, டைல்ஸ், கண்ணாடிக் கதவு இதெல்லாம் தறி. "மூணே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு"ங்கறது சேலை. ஆனா சளிக்காய்ச்சல்ல பெரும்பாலானது வைரஸ். மாத்திரை தின்னாலும் தின்னாட்டியும் ஒரு வாரத்துல அதுவே போயிடும். பேரு மட்டும் கைராசிக்குப் போகும். அதனாலதான் நடுவுல இருக்கற நெசவை, அதாவது டாக்டர் என்ன கேக்கறாரு, என்ன சோதிக்கறாருங்கறதைப் பாக்கணுங்கறது.

அதை அளக்கறதுக்கு ஒரு சுவாரசியமான வழி உண்டு. மத்தியப் பிரதேசக் கிராமங்கள்ல ஆராய்ச்சிக்காரங்க நோயாளி மாதிரி நடிக்க ஆளுங்களைப் பழக்கி அனுப்பினாங்க. ஒருத்தருக்கு நெஞ்சுவலி, ஒருத்தருக்கு மூச்சிரைப்பு, ஒருத்தர் வீட்டுல குழந்தைக்கு சீதபேதி. 2012-ல வெளியான அந்த ஆய்வுல, உள்ளே போய் வெளியே வர்றதுக்குச் சராசரியா 3.6 நிமிஷம். கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி, பாக்க வேண்டிய சோதனைல மூணுல ஒரு பங்குதான் நடந்திருந்துச்சு.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு என்குவாஸ்ங்கற தேசியத் தர மதிப்பீடு இருக்கு. நேர்ல பாக்கறது, ஊழியரைக் கேக்கறது, பதிவேட்டைப் புரட்டறது, நோயாளியைக் கேக்கறதுன்னு நாலு வழி. சரிபாக்கற ஒவ்வொரு விஷயத்துக்கும் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு மார்க். சான்று வாங்க மொத்தத்துல 70 சதவீதமாவது வேணும். இந்த மார்க் போடற வேலைல பாதியை நாமளே நாற்காலில உக்காந்தபடி பண்ணலாம்.

[காட்சி: பிபி பார்க்கும் பட்டை. சட்டைக் கைக்கு மேலேயே சுற்றப்படுகிறது.]

இந்த மாதிரி, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிட்டிருக்கறப்பவே சட்டைக்கு மேல பட்டையைச் சுத்தினாங்கன்னா, பூஜ்யம். அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு, கையை நெஞ்சு மட்டத்துல வெச்சுப் பாத்தா ரெண்டு. ஊசி போட்டா, உறையை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கறாங்களா? போட்ட ஊசி, குத்தினா துளையாத வெள்ளை டப்பாக்குள்ள போகுதா? அந்த டப்பா 2016 மருத்துவக் கழிவு விதிலயே இருக்கு.

ஊசின்னதும் ஒண்ணு சொல்லியாகணும். தப்புல பாதி நம்ம மேல. "ஊசி போடலைன்னா அவரு என்ன டாக்டரு"ன்னு அடுத்த கிளினிக்குக்குப் போறவங்க நாமதான். அவரும் என்னதான் பண்ணுவாரு!

பேரில்லாத மாத்திரையை காகிதக் கவர்ல போட்டு "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு நீட்டறாங்களே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம். ராத்திரி உடம்பெல்லாம் தடிச்சுட்டு ஜிஹெச்சுக்கு ஓடினா, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"ன்னு கேப்பாங்க. "வெள்ளையா, உருண்டையா"ன்னுதான் சொல்ல முடியும். சீட்டுல டாக்டரோட பதிவு எண் இருக்கணும், மருந்தோட மூலப் பேரைப் புரியற மாதிரி எழுதணும். மருத்துவ கவுன்சில் விதியே அதுதான். சிகிச்சைப் பதிவுகளை நீங்க கேட்டா 72 மணி நேரத்துல தரணுங்கறதும் அதே விதில இருக்கு.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு.]

சேர்வராயன் மலைல கணக்கே வேற. சமவெளில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைல 20,000 பேருக்கே ஒண்ணு இருக்கணும்னு தேசிய அளவுகோல் சொல்லுது. ஆனா ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. காப்பித் தோட்டத்துல வேலை பாக்கற அம்மாவுக்குப் பாதி ராத்திரில நெஞ்சுவலின்னா, அங்க இருக்கற சுகாதார நிலையத்துல எல்லாமே இருக்கான்னு நான் பாக்க மாட்டேன். 108-ல ஏத்தறப்ப என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க, பிரஷர் எவ்வளவுன்னு கைல ஒரு கடுதாசி போகுதான்னு பாப்பேன். வெறும் "சேலம் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னா கீழ இருக்கறவங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

[காட்சி: மறுபடியும் அதே செருப்புக் குவியல்.]

எங்கப்பா இப்பவும் அதே டாக்டர்கிட்டதான் போறாரு. மாத்தலாம்ப்பான்னா கேக்க மாட்டேங்கறாரு. "நல்ல மனுஷன்டா, பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாரு." சரி. ஆனா போன வாரம் உள்ளே போனதும் வேட்டியை ஒதுக்கிட்டு, பக்கத்து ஸ்டூல்ல காலைத் தூக்கி வெச்சுட்டாரு. "டாக்டரே, சுகரை அப்புறம் பாக்கலாம். இதைப் பாருங்க மொதல்ல." அவரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சாரு.