உங்கள் வீட்டுக் கிணறும் ஏழுகிணறும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, நூறு வேலைகளுக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் பெருமக்களே, மின்சாரம் போனாலும் ஒலிபெருக்கி போகாமல் பார்த்துக்கொள்ளும் தம்பிமார்களே, மெட்ரோவாட்டர் லாரி வரும் நேரத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்குத்தான் முதல் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் பருத்தித் துண்டு போர்த்தினீர்கள். நல்லது. மழைநீர்க் குழாயின் வாயில் கட்டவாவது உதவும்.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, ஏழுகிணறு எப்படி வந்தது. இரண்டு, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். மூன்று, பழைய சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டு பூசிக் கெடுக்காமல் காப்பது எப்படி. ‘இருபது நிமிடம்’ என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பார்ப்போம்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த கிணறுகள் உவர்ப்பு. குடிநீர் வெளியிலிருந்து வர வேண்டும். பகைவன் வந்து வெளியே முகாமிட்டால் கோட்டைக்குத் தாகம்தான். 1769-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி சென்னைக்கு வெளியே வந்து நின்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உடன்படிக்கை எழுதி வாங்கினார். அந்தப் பயம் தெளிவதற்குள், 1772-ல், கேப்டன் பேக்கர் என்பவர் திட்டம் போட்டார். தங்கசாலைத் தெருவின் வடபக்கம் பத்துக் கிணறு தோண்டினார்கள். ஏழுதான் உதவின. அந்த ஏழே நம் பேட்டைக்குப் பெயராயிற்று. ஏற்றம் கட்டி இறைத்து, தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, குழாய் வழியே கோட்டைக்கு அனுப்பினார்கள். வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வட்டாரம் இது என்பதையும் சொல்லாமல் போனால் என் நாக்கு என்னை மன்னிக்காது.

ஆழமாக ஒரே கிணறு வெட்டாமல் ஏன் இத்தனை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். அந்த மேலடி ஒன்றை நீங்கள் உறிஞ்சினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். ஒரே இடத்தில் வலிமையாக இறைத்தால் உப்பு கூம்புபோல் எழும்பும். பரவலாக, ஆழமில்லாமல், மெதுவாக எடுத்தால் எழும்பாது. ஏற்றத்துக்கு அதற்குமேல் இறைக்கச் சக்தியும் இல்லை. ஐந்து குதிரைசக்தி மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். ‘இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ என்று பெரியவர்கள் சொன்னது அளவாக இறைத்ததைத்தான்; அவர்களுக்கு நீருக்குள்ளேயே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் தெரியாது.

இப்போது ஒரு கதை. வழிவழியாகச் சொல்லப்படுவது, சரித்திரமாக எழுதிக்கொள்ள வேண்டாம். கிணறுகளுக்குக் காவலாக நிக்கோலஸ் என்ற பழைய படைவீரர் இருந்தாராம். ஹைதரின் ஆள் ஒருவன் இரவில் வந்து, பணமுடிப்பைக் காட்டி, ‘கிணற்றில் இதைப் போட்டுவிடு’ என்றானாம். யோசித்துப் பாருங்கள். ஒன்றில் போட்டால் போதாது, ஏழிலும் போட வேண்டும். ஏழுக்கும் ஏழு பொட்டலம். ஏழிலும் மூடியைத் திறக்க வேண்டும். நம் ஆளாக இருந்தால் ஒரு கிணற்றில் போட்டுவிட்டு ஏழுக்கும் பில் கொடுத்திருப்பார்! (கைதட்டல்.) நிக்கோலஸ் மறுத்தார். கம்பெனி மகிழ்ந்து, அந்தக் காவல் வேலையை அவர் பரம்பரைக்கே கொடுத்ததாம். கிணற்றைக் காத்தவனுக்குப் பரம்பரை மரியாதை! இன்று வீட்டுக் கிணற்றின் மேல் சிலாப் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறோமே, நமக்கு என்ன மரியாதை?

கீழ்ப்பாக்கத்துக்கு வருகிறேன். 1872-ல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது. 1914-ல் மேட்லி என்ற பொறியாளர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் அமைத்தார். அந்த மணல் வடிகட்டியின் நுட்பம் தனிச் சொற்பொழிவுக்குரியது. இன்று வந்த காரியம் வேறு.

காரியம் இதுதான்: இந்தப் பேட்டையில் மூடிய கிணறுகளைத் திறக்க வேண்டும்.

எப்படி? முதலில், தூர் வார யாரையும் சட்டென்று உள்ளே இறக்காதீர்கள். மூடிக்கிடந்த கிணற்றில் போதிய பிராணவாயு இல்லாமல் போகலாம். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம்; அணைந்தால் ஆபத்து உறுதி, எரிந்தாலும் பத்திரம் என்று அர்த்தமில்லை. பெட்ரோல் வாடையோ சாக்கடை வாடையோ அடித்தால் நெருப்பையே காட்டாதீர்கள். ஊதுவிசிறியால் வெகுநேரம் காற்றடியுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். டீசல் பம்பை ஒருபோதும் உள்ளே இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகைதான் ஆளைக் கொல்வது.

அடுத்து, உறைகிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள். வெளியே நிற்கும் நிலத்தடி நீரின் அழுத்தத்தில் அடியிலிருந்து மணல் கொதித்துவரும், உறை சாயும். கொஞ்சம் இறைத்து, கொஞ்சம் வாரி, ஊறவிட்டு மறுபடி.

பிறகு மருந்து. கிணற்று விட்டம் 1 மீட்டர், நீர் 3 மீட்டர் நின்றால் சுமார் 2,350 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறத்தாழ 6 கிராம். கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுவது வேண்டாம். வாளியில் குழைத்து, முக்கால் வாளி நீர்விட்டு, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் நீர் கடினமாகும். ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு இறையுங்கள். பிரித்து வைத்த பொட்டலம் வீரியம் இழந்திருக்கும். நமத்துப்போன பவுடருக்குக் கணக்கு செல்லாது. பக்கத்தில் கழிவுத்தொட்டி இருந்தால், மருந்து போட்ட பின்னும், பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் சுவரோடு நின்றுவிட்டது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குமேல் விழும். சிதறியது போக 800 கிடைக்கும். முதல் மழையை வெளியே விடுங்கள். அடுத்ததைக் கூழாங்கல், பருமணல் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றில் விடுங்கள். ஆண்டுக்கொருமுறை மணலை அள்ளிக் கழுவாவிட்டால் குழி அடைத்துக்கொண்டு நீர் தெருவுக்குத்தான் போகும். இறைத்த கிணறு ஊறும், ஐயா. ஆனால் ஊறுவதற்கு மேலிருந்து ஏதாவது போக வேண்டுமே!

சுண்ணாம்புச் சுவர் நின்றுபோனது. தலைவர் மறுபடி சீட்டு அனுப்பியிருக்கிறார். மாமன்ற உறுப்பினர் அம்மையாரிடம் ஒரு விண்ணப்பம்: வார்டில் எத்தனை கிணறு திறந்திருக்கிறது, எத்தனை சிலாபுக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு பதிவேடு போடுங்கள்.

போகும்போது வாசல் மேசையில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும் இருக்கும். எடுத்துப்போய் உங்கள் கிணற்றில் விட்டுப் பாருங்கள். எத்தனை முடிச்சு நனைந்தது என்று நாளைக்குள் எழுதிக் கொடுங்கள். கயிறு ஆறுதான் இருக்கிறது, திருப்பித் தந்துவிடுங்கள்.