என் முழங்கையில் போட்ட பி.ஆர்.பி. ஊசி: மூன்று மாதம் கழித்து

எல்லாருக்கும் வணக்கம். வலது முழங்கையை ஏன் தாங்கித் தாங்கிப் பேசுகிறேன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு டென்னிஸ் எல்போ. முழங்கையின் வெளிப்பக்கம் எலும்போடு சேரும் தசைநாண் நைந்துபோவதால் வருவது. ஈரத்துணியைப் பிழிய முடியாது, கதவுப்பிடியைத் திருப்பினால் உயிர் போகும். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பி.ஆர்.பி. ஊசிக்குச் சம்மதித்தேன். நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, வலிக்கும் இடத்தில் போடுவதுதான் அது.

இடது கையில் 30 மில்லி ரத்தம் எடுத்து, குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுற்றவிட்டார்கள். அது நின்றதும் டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் அடர்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, இரண்டுக்கும் நடுவே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை ஒட்டித்தான் தட்டணுக்கள் திரண்டிருக்குமாம். கடைசியில் சிரிஞ்சில் சேர்ந்தது 4 மில்லி.

நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். பி.ஆர்.பி.யில் அது பல மடங்கு. ரத்தம் உறைய உதவுவதோடு, திசுவைச் சீர்செய்யத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் தட்டணுக்கள் வெளிவிடுகின்றன. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறுவதும் தாமதம். அங்கே இவற்றை நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் திட்டம்.

அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். முதல் மூன்று நாள் வலி முன்பைவிட மோசம். பயந்துவிடாதீர்கள், பலருக்கும் இப்படித்தான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் கூடாது என்றார்கள், தட்டணுக்களின் வேலையைக் கெடுக்குமாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் (அதுவும் இந்த வகைதான்) சாப்பிடுபவர்கள் மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் மாதம் தண்ணீர்க் குடத்தை வலியில்லாமல் தூக்கினேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் ஊசியால்தான் சரியானது என்று அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. 2014இல் தொடைப் பின்தசைக் காயத்தோடு வந்த 80 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்விலும், 2021இல் குதிகால் தசைநாண் வலியுள்ள 240 பேரிடம் நடந்த ஆய்விலும், பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முழங்கை ஆய்வுகளிலோ முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். போதாததற்கு, வெள்ளணுக்கள் சேர்த்தது, நீக்கியது என்று தயாரிப்பும் இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்கு எது போடப்போகிறார்கள், ஏன் என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

வலி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால், முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள் என்பேன். ஊசிக்குப் பிறகும் எனக்கு அந்தப் பயிற்சிதான். இதோ பாருங்கள், ஒரு கிலோ டம்பெல். உள்ளங்கை கீழே பார்க்க, முன்கை மேசைமேல். இடது கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சரி, இதுபோல் இன்னும் பதினான்கு.