ஒரு மீட்டர் பாதையில் 252 டன் எஞ்சின்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வேயின் 59ஆம் வகுப்பு கேரட் நீராவி எஞ்சின்களைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் நீண்ட கடிதம் போல ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். அதன் சாரத்தை முதலில் வாசித்துவிடுகிறேன். "ஐயா, எழும்பூரிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜில் பல வருடம் பயணம் செய்தவன் நான். எங்கள் வண்டியை இழுத்த ஒய்.பி. எஞ்சின், கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் வண்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய நூறு டன் இருக்கும். அதே ஒரு மீட்டர் அகலப் பாதையில் 252 டன் எஞ்சின் ஓடியது என்கிறீர்கள். தண்டவாளம் அதை எப்படித் தாங்கியது? வளைவில் அது சாய்ந்துவிடாதா? அவ்வளவு பெரிதாக ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக இரண்டு சாதாரண எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டியிருக்கலாமே?"

மூன்று கேள்விகள் போலத் தோன்றினாலும், மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த எஞ்சினின் கொதிகலனுக்கு அடியில் சக்கரமே கிடையாது. கேரட் வகையின் சூட்சுமம் முழுவதும் அந்தக் காலி இடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். தண்டவாளத்துக்கு எஞ்சினின் மொத்த எடை தெரியாது. ஒவ்வோர் அச்சும் தன்மேல் இறக்கும் பளு மட்டுமே தெரியும். நீங்கள் சொன்ன ஒய்.பி. எஞ்சினின் அச்சுப் பளு அதிகபட்சம் பத்தரை டன். 59ஆம் வகுப்புக்கு மொத்தம் 14 அச்சுகள். முன்பகுதியில் ஏழு, பின்பகுதியில் ஏழு. அவற்றில் எட்டு அச்சுகள் நீராவியால் இயங்குபவை, மற்றவை பளுவைத் தாங்கி வழிகாட்டுபவை. 252 டன்னை 14ஆல் வகுத்தால் சராசரி 18 டன் வருகிறது. அதிகபட்ச அச்சுப் பளு 21 டன். ஆகவே உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊர் மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் இந்த எஞ்சினை இறக்கியிருந்தால் பாதை தாங்கியிருக்காது. கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்துக்கும் தலைநகர் நைரோபிக்கும் இடையிலான பாதையைக் கனமான தண்டவாளங்கள் கொண்டு வலுப்படுத்திய பிறகுதான் இது சாத்தியமாயிற்று. மீட்டர் கேஜ் என்றாலே இலகுவான பாதை என்று நாம் பழகிவிட்டோம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் மட்டுமே. அந்தத் தண்டவாளம் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று அது எதுவும் சொல்வதில்லை.

இந்தப் பாதையின் வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உகாண்டா ரயில்வே என்ற பெயரில் 1896இல் மொம்பாசாவில் தொடங்கிய வேலை 1899இல் நைரோபியையும் 1901இல் விக்டோரியா ஏரிக் கரையில் உள்ள கிசுமுவையும் எட்டியது. அந்த வேலைக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். மொம்பாசா கடல்மட்டத்தில் இருக்கிறது; 530 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நைரோபியோ 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகிற சரக்கு அனைத்தும் ஏறியே ஆக வேண்டும். தொடக்கத்தில் போட்டிருந்த தண்டவாளம் கெஜத்துக்கு 50 பவுண்டு எடையுள்ள மெல்லிய வகை. அந்த மெல்லிய பாதையில் கூடுதல் இழுவை வேண்டும் என்பதற்காகவே 1926இல் அங்கே முதல் கேரட் எஞ்சின்களை இறக்கினார்கள். எடையைப் பல அச்சுகளில் பரப்பிவிடலாம் அல்லவா? 1948இல் கென்யா, உகாண்டா, தாங்கன்யிகா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) ரயில்வேக்கள் ஒன்றிணைந்தபோது மொம்பாசாத் துறைமுகத்தில் சரக்கு தேங்கத் தொடங்கியிருந்தது. அந்தத் தேக்கத்தைத் தீர்க்க மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனம் 1955, 1956ஆம் ஆண்டுகளில் கட்டிக்கொடுத்த 34 எஞ்சின்கள்தாம் 59ஆம் வகுப்பு.

இப்போது அமைப்புக்கு வருகிறேன். சாதாரண எஞ்சினில் ஒரு சட்டகம் இருக்கும். அதன் கீழே சக்கரங்கள், மேலே கொதிகலன். கேரட்டில் மூன்று துண்டுகள். முன்னால் தனிச் சட்டகத்தில் ஓர் எஞ்சின், அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. பின்னால் இன்னொரு எஞ்சின், அதன் மேல் எண்ணெயும் மீதித் தண்ணீரும். இந்த இரண்டுக்கும் நடுவே, இருபுறமும் சுழல்முனைகளில் உட்கார்ந்து, பல்லக்குப் போலத் தொங்குகிறது கொதிகலனும் ஓட்டுநர் அறையும். இரண்டு தூக்கிகளும் எஞ்சின்கள், பல்லக்கில் இருப்பது கொதிகலன் என்று வைத்துக்கொண்டால் படம் சரியாக மனத்தில் பதியும். ஹெர்பர்ட் வில்லியம் கேரட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் யோசனை இது. 1909இல் டாஸ்மேனியாவின் இரண்டடிப் பாதைக்காக முதல் இரண்டு எஞ்சின்கள் செய்யப்பட்டன. 1911இல் அடுத்தது நம் டார்ஜிலிங் மலைப்பாதைக்கு வந்தது.

பல்லக்கின் அடியில் எதுவும் இல்லாததால் என்ன லாபம்? சாதாரண எஞ்சினில் கொதிகலனைப் பருமனாக்க வேண்டுமென்றால் அதைச் சக்கரங்களுக்கு மேலே தூக்க வேண்டும், அல்லது பருமனைக் குறைத்து நீளத்தைக் கூட்ட வேண்டும். தூக்கினால் சாயும், நீட்டினால் குழாய்களின் கடைசிப் பகுதியில் வெப்பம் குறைந்து நீராவி சரியாக உற்பத்தியாகாது. கேரட்டில் இந்த இக்கட்டே இல்லை. குட்டையாகவும் குண்டாகவும் கொதிகலனைச் செய்து, அதைத் தாழ்வாகவே தொங்கவிடலாம். நெருப்புப் பெட்டியை எவ்வளவு ஆழமாகவும் அகலமாகவும் வேண்டுமானாலும் செய்யலாம். 59ஆம் வகுப்பின் கொதிகலன் விட்டம் 7 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 2.28 மீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே இருப்பதோ ஒரே மீட்டர். பாதையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான கொதிகலன்! நைரோபி அருங்காட்சியகத்தில் இதன் முன்னால் நின்று எடுத்த படங்களைப் பார்த்தால், தண்டவாளத்தை யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்றுதான் தோன்றும்.

வளைவில் சாயாதா என்ற கேள்விக்கு இதில் பாதி விடை வந்துவிட்டது. மீதி விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் வட்டத்தின் வில், நாண் என்று படித்திருப்பீர்கள். வளைவான பாதை ஒரு வில். முன் எஞ்சினும் பின் எஞ்சினும் அந்த வில்லின் மேலே தத்தம் போக்கில் திரும்பி நிற்கும். நடுவிலுள்ள பல்லக்கு நாணைப் போல நேராக நிற்கும். நாண் எப்போதும் வில்லுக்கு உட்பக்கத்தில்தானே இருக்கும்? ஆகவே வளைவில் போகும்போது மிகக் கனமான கொதிகலன் வளைவின் உட்பக்கம் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. வேகம் வண்டியை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கிறது. எடை உட்பக்கம் நின்று அதை எதிர்க்கிறது. அமெரிக்காவில் புகழ்பெற்ற மாலெட் வகையில் இது நேர்மாறு. அதில் பின் எஞ்சின் கொதிகலனோடு பிணைக்கப்பட்டிருக்கும், முன் எஞ்சின் மட்டும் திரும்பும். வளைவில் கொதிகலனின் மூக்கு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அகலப் பாதையில் அது பெரிய குறையில்லை. குறுகிய பாதையில் குறைதான்.

இதற்கு இடையில் இன்னொருவர், "ஊட்டி மலை ரயில் எஞ்சினுக்கும் இரண்டு ஜோடி சிலிண்டர்கள் இருக்கின்றனவே, அதுவும் இந்த வகையா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அது ஒரே சட்டகம் கொண்டது. ஒரு ஜோடி சக்கரத்தையும் மற்றொரு ஜோடி பல்சக்கரத்தையும் சுழற்றுகிறது. சட்டகம் மடங்கினால்தான் இந்தக் குடும்பத்தில் சேர்க்க முடியும்.

அசையும் சட்டகத்துக்கு நீராவி எப்படிப் போகிறது என்பது நியாயமாக எழுகிற அடுத்த ஐயம். கொதிகலன் பல்லக்கில் இருக்கிறது, சிலிண்டர்கள் திரும்புகிற சட்டகங்களில் இருக்கின்றன. நீராவிக் குழாயைச் சுழல்முனைக்கு அருகே கொண்டுசென்று, அங்கே பந்து மூட்டு வைத்துவிட்டார்கள். கதவின் கீலுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் கதவு எவ்வளவு திறந்தாலும் கை கொஞ்சமே நகரும் அல்லவா? அதே தத்துவம். அசைவு சிறியதாக இருப்பதால் மூட்டில் கசிவைக் கட்டுப்படுத்த முடிந்தது. முன், பின் எஞ்சின்கள் இரண்டும் பயன்படுத்திய நீராவி திரும்பவும் ஒரே புகைபோக்கிக்கு வந்து சேர்கிறது. இரண்டுக்கும் இடையே பற்சக்கர இணைப்பு எதுவும் இல்லாததால் அவற்றின் சுழற்சி ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் விலகுவதுமாக இருக்கும். ஏற்றத்தில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். சற்று நேரம் ஒரே எஞ்சின் போல நான்கு தட்டுத் தாளம் கேட்கும், பிறகு மெல்லப் பிசகி எட்டாகப் பிரியும், மறுபடி சேரும்.

இனி மூன்றாவது கேள்வி. இரண்டு எஞ்சின்களைப் பூட்டியிருக்கலாமே? பூட்டலாம். ஆனால் இரண்டு கொதிகலன், இரண்டு ஓட்டுநர், இரண்டு ஃபயர்மேன், இரண்டு டெண்டர். டெண்டரின் எடை இழுவைக்கு உதவாது, அது சுமைதான். கேரட்டில் தண்ணீரும் எண்ணெயும் இயங்கு சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அந்த எடையும் பிடிமானமாகிறது. 59ஆம் வகுப்பு 8,600 காலன் தண்ணீரும் 2,700 காலன் எண்ணெயும் சுமந்தது. வோய் என்ற ஊருக்குக் கிழக்கே தாரு என்ற வறண்ட புதர்க்காட்டைக் கடக்க வேண்டிய பாதையில் இவ்வளவு தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது ஆடம்பரமல்ல.

ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதையின் கடும் ஏற்றம் 66க்கு 1, அதாவது 66 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். சுமை 1,200 டன். ஏற்றத்தில் அதைப் பின்னால் இழுக்கும் புவியீர்ப்பு 1,200ஐ 66ஆல் வகுத்தால் 18 டன்னுக்குச் சற்று மேல். எஞ்சின் தன்னையே தூக்க இன்னும் நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சக்கர உராய்வு, வளைவின் எதிர்ப்பு என்று தோராயமாக ஆறேழு டன். ஆக 28, 29 டன். 59ஆம் வகுப்பின் இழுவிசை 83,350 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 37 டன். ஈரத் தண்டவாளத்துக்கும் களைத்த கொதிகலனுக்கும் கொஞ்சம் கையிருப்பு மிஞ்சுகிறது. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு. இருபதரை அங்குல விட்டமுள்ள நான்கு சிலிண்டர்கள். மீட்டர் கேஜில் ஓடிய நீராவி எஞ்சின்களில் இதற்கு மேற்பட்ட வலிமை எதற்கும் இருந்ததில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீரும் எண்ணெயும் பிடிமானத்துக்கு உதவுகின்றன என்று பெருமையாகச் சொன்னேன்; அவை தீரத் தீரப் பிடிமானமும் குறையும். பயணத்தின் கடைசியில் முன் எஞ்சின் சறுக்கத் தொடங்குவது கேரட் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. பராமரிப்பிலும் இரண்டு எஞ்சின்களின் வேலை உண்டு. கொதிகலன் ஒன்று என்பதற்காகப் பிஸ்டனும் இணைப்புத் தண்டுகளும் பாதியாகிவிடுவதில்லை.

எரிபொருள் எண்ணெய் என்றேன். கென்யாவில் நிலக்கரி வெட்டி எடுக்கப்படவில்லை. கனமான உலை எண்ணெய் கப்பலில் மொம்பாசாவுக்கு வந்தது. 72 சதுர அடி நெருப்புத் தளத்துக்கு ஒரு மனிதன் கரண்டியால் கரி அள்ளிப் போட்டு ஈடுகொடுத்திருக்க முடியாது. நிலக்கரிக்கு மாற வேண்டி வந்தால் மாற்றிக்கொள்ளவும், தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மூன்றரை அடிப் பாதையோடு என்றாவது இணைப்பு வந்தால் சக்கர இடைவெளியை அதற்கேற்ப அகலப்படுத்திக்கொள்ளவும் வடிவமைப்பில் வழி வைத்திருந்தார்கள். அப்படி மாற்ற வேண்டிய தேவை வரவேயில்லை. பின்னாளில் ஆஸ்திரியப் பொறியாளர் கீசல் வடிவமைத்த நீள்சதுரப் புகைபோக்கி அமைப்பைப் பொருத்தினார்கள். படங்களில் சில எஞ்சின்களின் புகைபோக்கி தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

ஓட்டிய விதமும் தனி. ஓர் எஞ்சினுக்கு இரண்டு குழுக்கள். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு தங்கும் பெட்டி இருக்கும். ஒரு குழு எட்டு மணி நேரம் ஓட்டும்போது மற்றொரு குழு அதில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும், பிறகு மாறிக்கொள்ளும். ஒரே எஞ்சின் ஒரே ஆட்களிடம் தொடர்ந்து இருந்ததால், அதைச் சொந்த வீடு போலத் துலக்கி வைத்தார்கள். சீக்கிய ஓட்டுநர்கள் பலர் இதில் பேர்போனவர்கள். கருஞ்சிவப்பு உடலில் பித்தளையெல்லாம் பளபளக்க, பக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்க மலை ஒன்றின் பெயர்ப்பலகை: கென்யா, கிளிமஞ்சாரோ, கெலாய், ஷெங்கேனா என்று 34 எஞ்சின்களுக்கும் மலைப் பெயர்கள்.

நெடுந்தூர வண்டிகளை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் 1960 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வரத் தொடங்கின. அதன் பிறகும் மொம்பாசாப் பாதையில் 59ஆம் வகுப்பு தாக்குப்பிடித்தது. 1973க்கும் 1980க்கும் இடையில்தான் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. இப்போது நேரில் பார்க்க முடியுமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முடியும். 5918 கெலாய் மலை, 5930 ஷெங்கேனா மலை ஆகிய இரண்டும் நைரோபி ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. 5918ஐச் செப்பனிட்டுச் சுற்றுலா ஓட்டங்களுக்குக்கூடப் பயன்படுத்தினார்கள். போனால் பக்கவாட்டில் நின்று படம் எடுத்துத் திருப்தியடைந்துவிடாமல், இரண்டு சட்டகங்களுக்கும் நடுவே குனிந்து நெருப்புப் பெட்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும்.